குன்றிமணியைக் கோத்துப் பிள்ளைகள் கையில் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழின் மூலிகைப் பகுதியில் சென்ற கிழமை குன்றிமணி பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. இலையை மென்றால் தொண்டைக் கரகரப்புக் குறையும் என்று எழுதியிருந்தார்கள், சரி. ஆனால் வித்தை அரைத்துத் தலையில் பூசினால் சொட்டை விழுந்த இடத்தில் முடி முளைக்கும் என்று கடைசி வரியில் சொல்லிவிட்டு, அதோடு முடித்துவிட்டார்கள். அந்த வித்து நஞ்சு என்று ஓரிடத்திலும் ஒரு சொல் இல்லை. அதே கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு தள்ளுவண்டியில் குன்றிமணியைத் துளைத்து நூலில் கோத்த கைமாலைகள் வரிசையாகத் தொங்கின. “இயற்கை மணி ஐயா, பெயின்ட் ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்கு நல்லது” என்றார் விற்றவர். இரண்டையும் ஒரே கிழமையில் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் செட்டியார் தெருவில் நகை செய்தே வயதானவன். என் அப்பா யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் தொழில் பழகிக் கொழும்புக்கு வந்தவர். எங்கள் பட்டறையில் குன்றிமணி ஒரு தொழிற்பொருள். இன்றைய பிள்ளைகளுக்கு அது வேலியில் படரும் ஒரு கொடியின் அழகான வித்து மட்டும்தான். எங்களுக்கு அது எடை.

பழைய கணக்கில் நாலு நெல் எடை ஒரு குன்றிமணி, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இரண்டு மஞ்சாடி ஒரு பணவெடை. ஒரு குன்றிமணியின் எடை ஏறக்குறைய 0.12 கிராம். நாம் இங்கே 8 கிராம் என்று கணக்கிடும் ஒரு பவுணுக்கு அறுபத்தாறு குன்றிமணி அளவில் வரும். “வீட்டில் ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லை” என்று பெண்கள் பேசுவது இந்தக் கணக்கில் இருந்துதான். இலத்திரனியல் தராசு வந்த பிறகு யாரும் வித்தை வைத்து நிறுப்பதில்லை. ஆனாலும் அப்பா ஒரு சின்னப் பித்தளை டப்பாவில் பொறுக்கி எடுத்த வித்துகளை வைத்திருந்தார். சுருங்கியது, புழு துளைத்தது, ஓட்டில் கீறல் விழுந்தது எல்லாவற்றையும் கழித்துவிடுவார். டப்பா எப்போதும் மேல் தட்டில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கும்.

எடையை விட நுணுக்கமான இன்னொரு வேலையும் அதற்கு இருந்தது. இளையவர்களுக்குத் தெரிய நியாயமில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மயிரிழை போன்ற பொன்கம்பியை வளைத்துப் பூவேலை செய்யும்போதும், கடுகைவிடச் சிறிய பொன்மணிகளை ஜிமிக்கியின் விளிம்பில் வரிசையாக வைக்கும்போதும், ஒட்டு வைத்துச் சூடு காட்டும் வரை அவை இடம் மாறாமல் நிற்க வேண்டும். கை நடுங்கினால் போயிற்று, ஊதுகுழலின் காற்றுப் பட்டாலே மணி உருண்டுவிடும். அதற்குக் குன்றிமணிப் பசைதான். உள்ளே இருக்கும் மஞ்சள் கலந்த வெள்ளைப் பருப்பைக் கல்லில் தண்ணீர் விட்டு அரைத்தால் பிசுபிசுப்பான விழுது வரும். அதைத் தூரிகை நுனியில் தொட்டு, கம்பி கம்பியைச் சந்திக்கும் இடத்தில் வைத்து, மணியை அதன் மேல் அமர்த்த வேண்டும். காய்ந்ததும் கவிழ்த்துப் பிடித்தாலும் விழாது. பிறகு நெருப்பில் பசை எரிந்து போகும், ஒட்டு உருகிப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்த நகையில் பசை இருந்த தடமே இராது.

இந்த வேலைக்கு அப்பா வைத்த சட்டங்கள் கடுமையானவை. விரலில் சின்னக் கீறல் இருந்தாலும் அன்றைக்குப் பசை தொடக்கூடாது. தூரிகை நுனியைக் கூராக்க வாயில் வைப்பது பலருக்குப் பழக்கம். பசைத் தூரிகைக்கு அது அறவே கூடாது, அந்தத் தூரிகையின் காம்பில் சிவப்பு நூல் சுற்றியே இருக்கும். அரைத்த கல்லைக் கழுவிய தண்ணீரைக் கோழி, ஆடு வாய் வைக்கும் இடத்தில் ஊற்றக்கூடாது. கை கழுவாமல் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தொட்டால் அடி விழும். ஏன் என்று அப்பாவுக்கு இரசாயனம் தெரியாது. ஆனால் நஞ்சு எங்கே இருக்கிறது, எந்த வழியாக உடம்புக்குள் போகும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

இரசாயனம் தெரிந்தவர்கள் சொல்வதும் அதையேதான். வித்துக்குள் இருக்கும் நஞ்சின் பெயர் ஏப்ரின். அது ஒரு புரதம். ஆமணக்கு வித்தில் இருக்கும் ரைசின் என்ற நஞ்சின் உறவுக்காரன், அதைவிடக் கொடியது. உயிரணுக்குள் புகுந்து, அது தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்துகொள்ளும் இடத்தையே முடக்கிவிடுகிறது. புரதம் செய்ய முடியாத உயிரணு செத்துப்போகும். முதலில் அடிபடுவது குடல். வாந்தி, வயிற்று வலி, இரத்தம் கலந்த கழிச்சல், பிறகு உடம்பில் நீர் வற்றிப்போவது என்று அது நகரும். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. இன்னொரு பொல்லாத குணமும் உண்டு. உட்கொண்ட உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, சில வேளை ஒரு நாளுக்கும் மேல் கழித்துத்தான் அறிகுறி தொடங்கும். அதற்குள் “பிள்ளை நல்லாத்தானே இருக்கு” என்று வீட்டார் விட்டுவிடுவார்கள்.

அப்படியென்றால் நம் பாட்டிமார் பல்லாங்குழியில் குண்டுமணி போட்டு விளையாடவில்லையா, சிங்களச் சகோதரர்கள் சித்திரைப் புத்தாண்டில் குன்றிமணியை வைத்து ஒலிந்த கெலிய என்ற விளையாட்டை ஆடவில்லையா என்று கேட்பீர்கள் (ஒலிந்த என்பது குன்றிமணியின் சிங்களப் பெயர்). ஆடினார்கள். அதற்குக் காரணம் வித்தின் ஓடு. கண்ணாடி போல வழுவழுப்பான அந்த ஓட்டைத் தண்ணீர்கூட எளிதில் துளைக்காது. முழு வித்தைத் தெரியாமல் விழுங்கிய பிள்ளைகள் பலருக்கு அது உடையாமல் அப்படியே வெளியே வந்திருக்கிறது. ஆனால் நன்றாக மென்று விழுங்கினால் ஒரே ஒரு வித்துக்கூட உயிருக்கு ஆபத்தாகலாம் என்று நச்சியல் படித்தவர்கள் எச்சரிக்கிறார்கள். பல்லாங்குழிக் குழியில் கிடப்பது முழு வித்து. கைமாலையில் கிடப்பது ஓடு துளைத்த வித்து. பூட்டை உடைத்துவிட்டுப் பெட்டியைப் பிள்ளை கையில் கொடுத்த மாதிரி. பால்பல் முளைக்கும் பிள்ளை கையில் கட்டியிருப்பதை வாயில்தான் வைக்கும். வியர்வையும் எச்சிலும் துளை வழியே உள்ளே போய் ஊறும். அந்த மாலைகளைத் துளைத்துக் கோத்தவர்களை நினைத்தாலும் எனக்குக் கவலைதான். ஊசி வித்துக்குள் இறங்கி மறுபக்கம் விரலில் குத்தினால், வாயால் போவதைவிட அது மோசம். பிரித்தானியர் காலத்து இந்தியாவில் தோலுக்காகக் கால்நடைகளைக் கொல்லக் குன்றிமணி விழுதில் செய்து காயவைத்த முள்ளையே குத்துவார்கள் என்று அந்தக் காலத்துப் பதிவுகளில் உண்டு.

அந்த வண்டிக்காரரிடம் இதைச் சொன்னேன். கோபப்படவில்லை, பாவம். “ஒலிந்ததானே ஐயா, எங்கட ஊரில் வேலி முழுக்கக் கிடக்கு, யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லையே” என்றார். அவர் சொன்னது முழு வித்தைப் பற்றி. யாரோ மொத்தமாகத் துளைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், இவர் விற்கிறார். இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. 2011இல் இங்கிலாந்தின் கோர்ன்வாலில் இருக்கும் ஈடன் புரொஜெக்ட் என்ற பெரிய தாவரத் தோட்டம், தான் விற்ற இதே வித்துக் கைமாலைகளைத் திருப்பித் தரும்படி வாங்கியவர்களிடம் கேட்டுக்கொண்டது. தாவரங்களோடேயே வாழ்கிறவர்களின் கடைக்கே அந்த மாலை போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால், அழகுக்கு எவ்வளவு ஏமாற்றும் சக்தி என்று பாருங்கள்.

வள்ளுவருக்கு இது தெரிந்திருக்கிறது. வெளித்தோற்றத்தில் குன்றிமணியின் சிவப்புப் போல நல்லவராகத் தெரிந்து, உள்ளே அதன் மூக்குப் போலக் கறுத்திருப்பவர் உலகில் உண்டு என்று கூடாவொழுக்கத்தில் சொல்கிறார். மானம் என்ற அதிகாரத்தில், குன்றைப் போல உயர்ந்தவரும் குன்றியளவு இழிவான செயலைச் செய்தால் குன்றிப்போவார் என்று குன்று, குன்றி, குன்றுதல் மூன்றையும் ஒரே குறளில் அடுக்குகிறார். சிறியது என்றால் அவருக்கும் குன்றிதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

மற்ற மொழிகளும் இந்த வித்தின் நிறத்தையோ பயனையோ பிடித்துத்தான் பெயர் வைத்திருக்கின்றன. வடமொழியில் குஞ்சா. சிவந்தது என்ற பொருளில் ரக்திகா என்றும் சொல்வார்கள், வட இந்தியப் பொற்கொல்லரின் ரத்தி என்ற எடை அதில் இருந்து வந்தது. மலையாளத்தில் குன்னிக்குரு. தாவரவியல் பெயர் ஏப்ரஸ் பிரிக்கட்டோரியஸ். முதல் பாதி, மென்மையானது, நளினமானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. புளியிலை மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் அந்த இலையைப் பார்த்தவருக்குக் காரணம் விளங்கும். இரண்டாம் பாதிக்கு லத்தீனில் செபம் செய்வதோடு தொடர்பு. இந்த வித்துகளைக் கோத்துச் செபமாலை செய்தார்கள் என்பதால் வந்த பெயர். நான் இருப்பது கொட்டாஞ்சேனையில், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் நடந்து போகும் தூரம். அந்தப் பக்கக் கடைகளில் தொங்கும் செபமாலைகள் கண்ணாடியும் மரமும் பிளாஸ்டிக்கும்தான், அதில் எனக்கு நிம்மதி. வைரத்துக்குச் சொல்லும் கரட் என்ற எடையும் ஒரு வித்தின் பெயரில் வந்ததுதான், மத்தியதரைக் கடற்கரைப் பக்கம் வளரும் கரோப் என்ற மரத்தின் வித்து. எங்கு போனாலும் பொன்னும் மணியும் நிறுத்தவர்கள் முதலில் கையில் எடுத்தது ஏதோ ஒரு கொட்டையைத்தான் போலிருக்கிறது.

இனி மருந்துக்கு வருகிறேன். குன்றிமணியை நான் பழிக்க வரவில்லை. இலையும் வேரும் இனிக்கும். அதிமதுரத்துக்கு இனிப்புத் தரும் பொருள் இதிலும் இருக்கிறது, வேரை அதிமதுரத்துக்குப் பதிலாகப் பாவித்ததும் உண்டு. பாட்டுக் கச்சேரிக்கு முன் பாடகர்கள் இலையை மெல்வார்கள். வாய்ப்புண்ணுக்கும் இருமலுக்கும் நாட்டு வைத்தியர்கள் கொடுப்பார்கள். அதிலும் அளவு உண்டு, அதிமதுரம் போலவே நாள்கணக்காகக் கூடுதலாக எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், ஏற்கெனவே அழுத்தம் உள்ளவர்கள் ஒதுங்கியிருப்பது நல்லது. வித்தின் கதை முற்றிலும் வேறு. ஆயுர்வேதம் அதை உபவிஷங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. எருக்கு, கள்ளி, கலப்பைக்கிழங்கு, அலரி, அபின், ஊமத்தை, இவற்றோடு குன்றி. இந்தப் பட்டியலைப் பார்த்தாலே அது எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று புரியும். சுத்தி செய்யாமல் வித்தை மருந்தில் சேர்க்கவே கூடாது என்பது விதி. துணியில் முடிந்து, பாலிலோ காடியிலோ தொங்கவிட்டு நீண்ட நேரம் வேகவைப்பார்கள். புரதம் சூட்டில் கெடும் என்று இன்றைய விஞ்ஞானம் சொல்வதை வைத்துப் பார்த்தால் அந்த வேலையின் நியாயம் விளங்குகிறது. ஆனால் எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு, உள்ளே வரை வெந்ததா என்பதைப் பயின்ற கைதான் அறியும். சொட்டைக்குப் பூசும் குன்றித் தைலமும் அப்படி வைத்தியர் காய்ச்சியதுதான். உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் வேலியில் பறித்த வித்தை அம்மியில் அரைத்து, சீப்புக் கீறிய தலையில் பூசினால் என்ன ஆகும்? அதே அம்மியில் மறுநாள் சம்பல் அரைத்தால்?

வெள்ளைக் குன்றிமணிக்கு நஞ்சு இல்லை என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அதையும் நம்ப வேண்டாம். அதுவும் அதே செடிதான், நிறம் மட்டும் வேறு.

வெளிநாட்டு வைத்தியர்களும் இதில் கை சுட்டுக்கொண்டவர்கள்தான். 1882இல் பாரிசில் லூயி து வெக்கர் என்ற கண் வைத்தியர், பிரேசில் நாட்டு வழக்கத்தைக் கேள்விப்பட்டு, குன்றிமணி ஊறிய நீரை ட்ரக்கோமா என்ற கண்நோய்க்குப் போட்டார். கண்ணில் கடும் அழற்சியை வேண்டுமென்றே உண்டாக்கினால் பழைய நோய் அதோடு கரைந்து போகும் என்பது எண்ணம். சிலருக்குப் பலித்தது. அழற்சி அடங்காமல் கண்ணையே இழந்தவர்களும் இருந்தார்கள். பிறகு அந்த முறை வழக்கொழிந்தது. அதைவிடப் பெரிய பயன் 1891இல் பெர்லினில் கிடைத்தது. போல் ஏர்லிக் என்ற மருத்துவ ஆய்வாளர் சுண்டெலிகளுக்கு ஏப்ரினையும் ரைசினையும் மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தார். மற்ற எலிகளைக் கொல்லும் அளவையும் அவை தாங்கின. ஆனால் ரைசினுக்குப் பழகிய எலி ஏப்ரினைத் தாங்கவில்லை. உடம்பு ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனியாக எதிர்ப்பை உண்டாக்குகிறது என்பது இதில் இருந்து தெளிவானது. நோயெதிர்ப்புப் பற்றிய ஆய்வுகளுக்காக ஏர்லிக்குக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊர் வேலிகளிலும் படரும் கொடியின் வித்துக்கு அந்தக் கதையில் பங்கு உண்டு என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதைச் சேர்த்தால் பிள்ளைகள் விருப்பத்தோடு படிப்பார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் முதல் வேண்டுகோள், வரும் ஞாயிறு அதே மூலிகைப் பகுதியில், அதே அளவு எழுத்தில், வித்து நஞ்சு என்பதைப் போடுங்கள். மூலையில் சிறு எழுத்தில் போட வேண்டாம். அந்தக் குறிப்பை வெட்டி வைத்திருப்பவர்கள் கண்ணில் படவேண்டும். இனி எந்த மூலிகை பற்றி எழுதினாலும் எந்தப் பாகம் மருந்து, எந்தப் பாகம் நஞ்சு என்பதைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பொரளை ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் பயின்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் படித்து வெளியே வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அச்சுக்குப் போகும் முன் ஒருவரிடம் காட்டினால் போதும்.

பாடசாலைகளில் கைவேலை சொல்லிக் கொடுக்கும் ஆசிரியைமாருக்கும் ஒரு வார்த்தை. சிவப்பு வித்துத்தான் வேண்டும் என்றால் மஞ்சாடி இருக்கிறது. சிங்களத்தில் மதட்டிய என்பார்கள். குன்றிமணியைவிடப் பெரியது, தட்டையானது, முழுக்கச் சிவப்பு, கறுப்பு மூக்கு இல்லை. இந்தக் கொலைநஞ்சு அதில் இல்லை. ஆனாலும் சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் அதையும் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும். களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கக் குன்றிமணியே வேண்டும் என்பவர்கள், பெரியவர்கள் கையால் முழு வித்தை வைத்துவிட்டு, மிஞ்சியதை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள்.

குன்றிமணி கைமாலை ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பிள்ளையின் கையில் இருந்து இன்றைக்கே கழற்றுங்கள். அறுத்து மணிகளைச் சிதறவிட வேண்டாம், முழுதாக ஒரு பையில் போட்டு இறுக்கக் கட்டி அப்புறப்படுத்துங்கள், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளை மென்றுவிட்டது, அல்லது மென்றதா விழுங்கியதா என்று தெரியவில்லை என்றால் வாந்தி வரட்டும், பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். உப்புத்தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். மிச்சம் இருக்கும் வித்தையும் கையோடு எடுத்துக்கொண்டு, லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ உடனே போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், பணம் கேட்க மாட்டார்கள். வைத்தியரிடம் குண்டுமணி, ஒலிந்த என்று இரண்டு பெயரையும் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வாயில் போட்டது என்பதையும் சொல்லுங்கள். பிள்ளை தெளிவாக இருந்தாலும் அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் மறுக்காதீர்கள், மாற்று மருந்து இல்லாத இடத்தில் நேரத்தோடு நீர் ஏற்றிக் கவனித்துக்கொள்வதுதான் வைத்தியம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகைத் தொழிலாளி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.